கல்யாணத்தில் நகை போட்டாயிற்று என்பதால் மகளின் பங்கு போய்விடுமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான். உங்களுக்கு 1987-ல் திருமணம். அப்பா 2019-ல் உயில் எழுதாமல் காலமானார். அம்மா இருக்கிறார், இரண்டு அண்ணன்கள். தாத்தா வழியில் வந்த மூன்று ஏக்கர் நஞ்சையும், அப்பா தன் சம்பளத்தில் கட்டிய வீடும் சொத்து. பெரிய அண்ணன் விடுதலைப் பத்திரத்தை (பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரும் பத்திரம்) தட்டச்சு செய்து கையில் வைத்துக்கொண்டு, "நாற்பது பவுன் போட்டுத்தானே அனுப்பினோம், அதோட நீ 89-க்கு முன்னாடி கல்யாணமானவ, சட்டப்படியே உனக்குப் பங்கு கிடையாது, சும்மா ஒரு கையெழுத்துதான்" என்கிறார். எனக்குப் பங்கு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "கேட்டால் பொறந்த வீடு இல்லாமல் போய்விடுமோ" என்று ஒன்று எழுதியிருக்கிறீர்களே, உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த வரிதான் என்று தோன்றுகிறது. முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு, காவிரிக் கரை ஊர்களின் முன்சீப் கோர்ட்டுகளிலும் சப் கோர்ட்டுகளிலும் இருபது வருடங்களுக்கு மேலாகப் பாகப்பிரிவினை வழக்கு நடத்தும் ஒரு பெண் வக்கீல் என்ற முறையில் பார்த்ததைச் சொல்லலாம், அவ்வளவுதான்.

பங்கு உண்டு. உங்கள் அண்ணன் சொல்லும் 89 கணக்கு ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததுதான், அவர் அதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்பாவின் சுயார்ஜிதச் சொத்தில், அதாவது அவரே சம்பாதித்ததில், மகனுக்கும் மகளுக்கும் விதவைக்கும் தாய்க்கும் சமபங்கு கொடுத்தது. ஆனால் பூர்வீகச் சொத்தில், பிறப்பாலேயே பங்குள்ளவர்கள் ஆண்கள் மட்டும் என்ற பழைய முறையை அப்படியே விட்டுவிட்டது. அம்பேத்கர் கொண்டுவந்த இந்து சட்ட மசோதா நிறைவேறாமல் இழுத்தடிக்கப்பட்டு, 1951-ல் அவர் மந்திரி பதவியை விட்டு விலக அதுவும் ஒரு முக்கியக் காரணமானது. அதற்கும் முன்பே 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தது. அந்தத் தீர்மானம் சட்டமாக அறுபது வருடம் பிடித்தது. 1989 மார்ச் 25 முதல் செல்லும்படி தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை கொடுத்தது. கூடவே ஒரு கத்தரிக்கோலும் வைத்தது: அந்தத் தேதிக்கு முன் திருமணமான மகள்களுக்கு இது பொருந்தாது. ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு என்று ஆனது அப்போதுதான். எங்கள் ஊர்ப் பக்கத்தில் எண்பதுகளில் கல்யாணமான பெண்கள் இன்னமும் தங்களுக்கு எதுவும் இல்லையென்று நம்பிக்கொண்டிருக்கக் காரணம் அந்த ஒற்றை வரி.

மத்திய அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9-ல் நாடு முழுவதும் அமலுக்கு வந்தபோது அந்த வரி செல்லாததாகிவிட்டது. திருமணம் எப்போது நடந்தது என்ற கேள்வியே அதில் கிடையாது. அதற்குப் பிறகும் ஒரு குழப்பம் இருந்தது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்குப் பங்கு என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-ல் இன்னொரு அமர்வு வேறு மாதிரி சொன்னது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை முடித்துவைத்தது: மகளுக்கு உரிமை பிறப்பால் வருகிறது, அப்பா 2005 செப்டம்பர் 9 அன்று இருந்தாரா இல்லையா என்று பார்க்க வேண்டியதில்லை. உங்கள் அப்பா 2019 வரை இருந்தவர், ஆகவே பழைய தீர்ப்புகளின்படி பார்த்தாலும் உங்களுக்குப் பிரச்சினை இல்லை.

இனி கணக்கு. மூன்று ஏக்கர் உண்மையிலேயே பூர்வீகம் என்றால், அப்பா இறந்த நேரத்தில் அப்பா, இரண்டு அண்ணன்கள், நீங்கள் என்று நாலு பங்கு. அப்பாவின் நாலில் ஒன்றை அம்மா, மூன்று பிள்ளைகள் என மறுபடி நாலாகப் பிரிக்க வேண்டும். ஆக உங்களுக்குப் பதினாறில் ஐந்து, அதாவது ஏறக்குறைய 94 சென்ட். அம்மாவுக்குப் பதினாறில் ஒன்று. வீடு அப்பாவின் சுயார்ஜிதம் என்பதால் அங்கே நாலு பேருக்கும் சமமாக நாலில் ஒன்று.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். குடும்பங்கள் பூர்வீகம் என்று சொல்வதெல்லாம் சட்டத்தின் கண்ணில் பூர்வீகம் ஆகாது. நிலம் தாத்தா சொந்தமாகக் கிரயம் வாங்கியது, அவர் 1956-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்தார் என்றால், அது உங்கள் அப்பா கைக்கு வரும்போது அவருடைய தனிச்சொத்தாகிவிடுகிறது. 1986-லிருந்து உச்ச நீதிமன்றம் இப்படித்தான் சொல்லிவருகிறது. அப்படியானால் நிலத்திலும் நாலில் ஒன்றுதான், 75 சென்ட். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் தனிச்சொத்து என்றால் அப்பா அதை முழுக்க யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைத்திருக்க முடியும். தாய்ப்பத்திரத்தை, அதாவது நிலம் முதலில் எப்படி வந்தது என்று சொல்லும் மூலப் பத்திரத்தைப் பார்க்காமல் எந்த வக்கீலும் 94-ஆ 75-ஆ என்று சொல்லக் கூடாது, நானும் சொல்லமாட்டேன். இரண்டில் எதுவானாலும் பூஜ்யம் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

நாற்பது பவுன் விஷயம். கல்யாணத்தில் போட்ட நகை உங்கள் ஸ்ரீதனம், உங்களுக்கே சொந்தமானது. பாகத்தில் அதைக் கழித்துக்கொள்ள இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் எங்கும் இடம் இல்லை. அண்ணன்மார் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் கடை வைக்கவும் அப்பா செலவு செய்ததை எந்த வீட்டிலும் பங்கிலிருந்து கழிப்பதில்லை, அது "அப்பா செஞ்சது". பெண்ணுக்குச் செய்தது மட்டும் "கணக்குத் தீர்த்தது" ஆகிவிடுகிறது. தமிழ்நாட்டுத் திருத்தத்தின் நோக்க உரையிலேயே, மகளைச் சொத்திலிருந்து விலக்கிவைப்பது வரதட்சணையோடு சேர்த்துத்தான் பேசப்பட்டது. பங்கு கொடுத்தால் வரதட்சணை ஒழியும் என்று நம்பினார்கள். நடந்தது, நகையும் வாங்குகிறோம், பங்கும் எழுதி வாங்குகிறோம் என்பதுதான். அதே சமயம், தங்கை கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கி வருடக்கணக்காக அடைத்த அண்ணன்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மனதில் இருக்கும் கசப்பு பொய் இல்லை. அண்ணன் நிலத்தில் போர் போட்டிருந்தால், தென்னை வைத்திருந்தால், அந்தப் பகுதியை அவர் பங்கில் சேர்த்துக் கொடுக்க, பாகப்பிரிவினை வழக்கில் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்பாணையில் வழி இருக்கிறது. ஆகவே அவர் உழைப்புக்கு மதிப்பில்லை என்று ஆகாது.

"சும்மா ஒரு கையெழுத்து" என்கிறாரே, அந்தப் பத்திரத்தை ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் முதல் பக்கத்தில் உங்கள் ஆதார் விவரம் இருக்கும். இரண்டாம் பக்கத்தில், "எனக்குள்ள அவிபாஜ்ய பாகத்துக்கு ஈடாகத் தங்களிடமிருந்து ரொக்கம் பெற்றுக்கொண்டு" என்று ஒரு தொகை இருக்கும் (அவிபாஜ்ய பாகம் என்றால் இன்னும் பிரிக்காத பங்கு). பத்தாயிரமோ ஐம்பதாயிரமோ, அந்தப் பணம் யார் கைக்கும் போயிருக்காது. பிறகு, "எவ்விதத் தூண்டுதலும் இன்றி முழுமனதுடன்" என்று வரும். கடைசியில், "இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை" என்று முடியும். சார்பதிவாளர் அலுவலக வாசலில் காரை நிறுத்தி, டாஷ்போர்டு மேல் பத்திரத்தை வைத்து, காட்டும் இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கிவிட்டு, உள்ளே போய் விரல் ரேகையும் போட்டோவும் முடிந்ததும் ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து அனுப்புகிறார்கள். சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. சில மாதம் கழித்து நிலம் பெரிய விலைக்குப் போனது தெரிந்ததும் என்னிடம் வருகிறார்கள். பதிவான பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, மோசடி தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. படித்த பெண், சாட்சி கையெழுத்து, சார்பதிவாளர் முன் ஒப்புதல் எல்லாம் இருக்கும்போது "எனக்குத் தெரியாது" என்பதை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே புரியும். சட்டம் சமபங்கு கொடுத்த பிறகு, பங்கு கைமாறிப் போகும் இடம் இந்த இரண்டு பக்கத் தாள்தான்.

கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது. பட்டாவில் யார் பெயர் இருந்தாலும் பட்டா உரிமைப் பத்திரம் இல்லை. அண்ணன் தன் பங்கை மட்டும்தான் விற்க முடியும். முழுச் சொத்தையும் விற்கவோ அடமானம் வைக்கவோ போனால் வங்கியின் வக்கீல் வாரிசுச் சான்றிதழைப் பார்த்து, மகள் கையெழுத்து எங்கே என்று கேட்பார். அவர் இத்தனை அவசரப்படுவது அதனால்கூட இருக்கலாம். அதற்காக ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடலாம் என்றும் இல்லை. "உனக்குப் பங்கு இல்லை" என்று அவர்கள் வெளிப்படையாக மறுத்து, அது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருடம் தாண்டினால் வழக்கு சிக்கலாகும். 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பத்திரமோ கோர்ட் தீர்ப்பாணையோ இருந்தால் அதைத் தொட முடியாது. "அப்பா 98-லேயே வாய்மொழியாகப் பிரிச்சுக் கொடுத்துட்டார்" என்று ஒரு கதை வரும். அதை வெறும் சாட்சி வைத்து ஏற்கக் கூடாது, அரசு ஆவணங்கள் பேச வேண்டும் என்று 2020 தீர்ப்பு சொல்கிறது. அப்பா உயிரோடு இருந்தபோது யாருக்காவது சொத்தை எழுதிக்கொடுத்து செட்டில்மென்ட் ஏதாவது பதிந்திருக்கிறாரா என்பது எனக்குத் தெரிய வழி இல்லை, சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இனி பொறந்த வீடு. சட்டப் புத்தகத்தில் இதற்குப் பிரிவு கிடையாது. பிள்ளைக்குக் காது குத்த மாமன் மடி வேண்டும், பெண் சடங்கானால் மாமன் சீர் வேண்டும், புருஷன் செத்தால்கூடப் பிறந்த வீட்டுக் கோடி வேண்டும். நம் ஊரில் ஒரு பெண்ணின் மரியாதை இத்தனை இடத்தில் அண்ணன் தம்பியின் கையில் இருக்கிறது. அதை இழக்கப் பயப்படுவது கோழைத்தனம் இல்லை, அது ஒரு நியாயமான கணக்கு. புருஷன் வீட்டில் ஏதாவது ஒன்று என்றால் திரும்பி வர ஒரு வாசல் வேண்டும் என்பதற்காகவே பல பெண்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள், ஒருவகைக் காப்பீடு மாதிரி. நான் பார்த்தவரை, அந்தக் காப்பீடு பல வீடுகளில் தேவைப்படும்போது பணம் கொடுப்பதில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தங்கை விதவையாகி வந்தபோது, அண்ணி மூன்றாம் மாதமே முகம் சுளித்த வீடுகள் உண்டு. வழக்குப் போட்ட தங்கையின் மகளுக்கு ஐந்து வருடம் கழித்து மாமன் சீரோடு வந்து நின்ற அண்ணனும் உண்டு. எது யார் வீட்டில் நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் உறவு கெடாது என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்ச காலமாவது கெடும். வழக்கும் சீக்கிரம் முடியாது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை, கோர்ட் அனுப்பும் கமிஷனரின் அளவை, இறுதித் தீர்ப்பாணை, மேல்முறையீடு என்று வாய்தா மேல் வாய்தாவாக வருடங்கள் ஓடும்.

என்னிடம் வழக்குக் கொடுத்த ஒருவரின் ஏற்பாடு எனக்குப் பிடித்தது. அவர் நிலத்தில் தன் பங்கை அளந்து வாங்கிக்கொண்டார். வீட்டில் தன் பங்கைத் தம்பிக்கே விட்டுக்கொடுத்தார், ஆனால் அம்மா இருக்கும்வரை அந்த வீட்டில் தங்கும் உரிமை அம்மாவுக்கு உண்டு என்ற ஒரு வரியோடு. அதுவும் விடுதலைப் பத்திரம்தான், அதிலும் கையெழுத்துதான். அவர் என்ன கொடுக்கிறார் என்று தெரிந்து கொடுத்தார். விட்டுக்கொடுப்பதே தப்பு என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பல வீடுகளில் இப்போது அது மகள்தான். கடமை விஷயத்தில் சட்டம் எப்போதோ சமமாகிவிட்டது: திருமணமான மகளும் பெற்றோருக்கு ஜீவனாம்சம் கொடுக்கக் கடமைப்பட்டவள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1987-ல், உங்கள் கல்யாண வருடம். பூர்வீகச் சொத்தில் உங்களுக்கு உரிமை வந்தது அதற்குப் பதினெட்டு வருடம் கழித்து.

நாடு முழுவதும் நிலைமை எப்படி என்று கேட்டால், எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பில் பயிர் செய்யும் நில உடைமையாளர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலோ, வீடோ நிலமோ தனியாகவோ கூட்டாகவோ இருக்கிறது என்று சொன்ன பெண்கள் 43 சதவீதம். இரண்டும் வெவ்வேறு விஷயத்தை அளக்கின்றன. இரண்டாவது, பெண்கள் வாயால் சொன்னது, புருஷனோடு சேர்ந்திருப்பதும் அதில் அடக்கம். ஆகவே 43-ஐக் காட்டிச் சந்தோஷப்படுபவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். சொத்து கையில் இருந்தால் என்ன மாறும் என்பதற்குப் பொருளாதார அறிஞர் பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்த ஆய்வைச் சொல்வேன். எந்தச் சொத்தும் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் நீண்டகாலம் அடிபட்டிருந்தார்கள். நிலமும் வீடும் இருந்தவர்களில் 7 சதவீதம். ஒரு மாவட்டத்தின் கணக்குதான், எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கோர்ட்டில் நான் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. மறுபக்கமும் இருக்கிறது. சொத்துரிமை வந்த மாநிலங்களில் பெண் சிசுவைக் கருவிலேயே அழிப்பது கூடியது என்று காட்டும் ஆய்வும் வந்திருக்கிறது. நிலம் வெளியே போய்விடும் என்ற பயம் எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சட்டம் பதில் வைத்திருக்கவில்லை.

சட்டமே இன்னும் முழுச் சமம் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வயதில் இது முக்கியம். குழந்தையும் கணவனும் இல்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சொந்தமாகச் சம்பாதித்தது முதலில் போவது கணவனின் வாரிசுகளுக்கு. பெற்றோர் வழியில் வந்தது மட்டும்தான் பிறந்த வீட்டுக்குத் திரும்பும். கல்யாணமான மூன்று மாதத்துக்குள் விதவையாகி, புகுந்த வீட்டாரால் துரத்தப்பட்டு, படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பு முழுவதும் கணவனின் சகோதரி மகன்களுக்குப் போனது, 2009-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில். நீதிபதிகளுக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 15 அப்படி இருக்கிறது. பங்கு கைக்கு வந்தால் முதல் வேலையாக ஒரு உயில் எழுதுங்கள். (இதெல்லாம் இந்து, பௌத்த, சமண, சீக்கியக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனும் மகளும் சமம். முஸ்லிம் சட்டத்தில் மகளுக்கு மகனின் பங்கில் பாதி.)

இப்போது செய்ய வேண்டியது. பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்களுக்கு வில்லங்க விவரத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். முடிந்தவரை பழைய வருடத்திலிருந்து பாருங்கள். பட்டா, சிட்டா நகல் எடுங்கள். வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள், மகளை விட்டுவிட்டு வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் தாலுகா கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்குக்கு முன்பே அங்கே உட்கார்ந்து சமரசம் பேசவும் வழி உண்டு, உங்கள் குடும்பத்துக்கு முதலில் அதைத்தான் சொல்வேன். வழக்குதான் என்று ஆனால், நீங்களும் கூட்டு அனுபவத்தில் இருப்பதாகச் சொல்ல முடிந்தால் நீதிமன்றக் கட்டணம் நிலையான சிறு தொகை. வெளியேற்றப்பட்டதாகச் சொன்னால் பங்கின் மதிப்புக்கு ஏற்பக் கட்ட வேண்டும். மனு எழுதும்போது இதை வக்கீலோடு பேசிக்கொள்ளுங்கள்.

அண்ணனிடம், "மாட்டேன்" என்று இப்போதே சொல்ல வேண்டியதில்லை. "பத்திரத்தோட நகல் ஒண்ணு கொடுங்கண்ணா, படிச்சுட்டு சொல்றேன்" என்றால் போதும். விடுதலைப் பத்திரத்துக்கு எந்தக் கெடுவும் கிடையாது, நாள் நல்ல நாள் என்பதெல்லாம் அவருடைய அவசரம். நகல் வந்ததும், விடுதலை கொடுப்பவர்கள் வரிசையில் அம்மாவின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாக அம்மாவிடம் அதைப் படித்துக் காட்டுங்கள். அந்த வீட்டில் அவருக்கும் நாலில் ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் அதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.